ஒரு தட்டு என்றால் சரி

காப்பர் ஃபோர்க், கொலராடோ
6 மார்ச் 1983

மெர்ல்,

'அன்புள்ள' என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்தேன். வெறும் பெயரே போதும். போன மாதம் ஞாயிறுதோறும் உனக்குப் போன் செய்தேன். எடுக்கிறாய், மூச்சு விடுகிறாய், வைத்துவிடுகிறாய். "உன் தங்கச்சி ஆர்டித் பேசுறேன்டா" என்று சொன்ன பிறகும் வைக்கிறாய். ஒன்பது வருஷத்துக் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. போகட்டும். தாளை யாரும் முகத்தில் அடித்தாற்போல் வைத்துவிட முடியாது.

விஷயம் வெட்டுக்கிளியைப் பற்றியது. நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய அந்தப் பச்சை இங்கிலீஷ் காரைத்தான் சொல்கிறேன், நீ மறந்திருந்தால். நீ போன நாளிலிருந்து கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வாரம் எடுத்தேன். எலி ஒன்று டிரைவர் சீட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறது. புது பேட்டரி போட்டேன், இருமியது, கறுப்பாகப் புகையைக் கக்கியது, செத்துப்போனது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே கதை.

இந்த ஜூன் கடைசியில் டாலிவர் மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருஷம் அந்தச் சாலைக்குத் தார் போடுகிறார்கள். மண் சாலையில் இதுதான் கடைசி. நான் ஜெயிக்கப் போவதில்லை, இந்த வயதில் அந்தப் பைத்தியம் இல்லை. பிசாசின் முழங்கை வளைவைத் தாண்டி உச்சியில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏனென்று உனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் இதே பந்தயத்தில் அந்த வளைவில் வண்டி நின்றபோது நீ கீழேயிருந்து மூச்சிரைக்க ஏறி வந்து, ஊரே பார்க்க, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! உனக்கு ஓட்டத் தெரியல, அவ்ளோதான்" என்று கத்தினாய். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் அந்தக் கார்புரேட்டரைச் சரியாக வைக்க உனக்குத் தெரியவில்லை என்று நான் கத்தினேன். நல்லா கத்தினோம். பிறகு நீ சாவியைத் திருப்பினாய், அந்தத் துரோகி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. "பாத்தியா? வண்டில ஒண்ணுமே இல்ல." அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்த வாரமே டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கண்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நான் மாவட்டத்தின் பனி தள்ளும் லாரியைத்தான் ஓட்டுகிறேன். கண்ணை மறைக்கும் பனியில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். இன்றுவரை ஒரு வேலிக்கம்பத்தைக்கூட உரசியதில்லை. ஓட்டத் தெரியாதவள் இதையெல்லாம் செய்ய முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் உன் குரல் கேட்கிறது. இந்த முறையும் அங்கேயே நின்றுபோனால் நீ சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும்.

உன்னைக் கெஞ்சவில்லை. கார்புரேட்டரை எப்படி வைப்பது என்று மட்டும் எழுது.

ஆர்டித்

•

ஹாலோவே துறை, மெய்ன்
19 மார்ச் 1983

ஆர்டித்,

கடிதம் கிடைத்தது.

இத்தனை வருஷம் நின்ற பெட்ரோல் பிசினாகியிருக்கும். டேங்க்கைக் காலி செய். இரண்டு கார்புரேட்டரையும் கழற்று. ஒன்றின் பாகத்தை மற்றதில் மாட்டாதே. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அதனதன் பிஸ்டன் அதனதன் கூட்டில்தான் வழுக்கும். பிஸ்டனின் அடியில் ஊசி இருக்கிறது. அதை வளைத்தாயோ, பந்தயத்தை மற. ஸ்பிரிட்டில் துடை, உப்புத்தாளைக் கிட்டே கொண்டுவராதே. திரும்பப் பூட்டியதும் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டொக்' என்று சுத்தமாக விழ வேண்டும். விழாவிட்டால் மறுபடி துடை. மேல் குழியில் கொஞ்சம் மெல்லிய எண்ணெய்.

அடியில் இருக்கும் திருகாணியை மேலே முட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்கு. இறக்க இறக்க பெட்ரோல் கூடும்.

பிறகு தோட்டத்துக் குழாயில் ஒரு கை நீளம் வெட்டிக்கொள். எஞ்சின் ஓடும்போது ஒரு முனையைக் காதில் வை, மறு முனையை ஒரு கார்புரேட்டரின் வாயருகே பிடி. காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அடுத்ததிலும் கேள். இரண்டும் ஒரே சுருதியில் சீறும்வரை திருகு. எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. இரும்பு மூச்சு விடுவதை நீயும் கேட்டுப் பார்.

எலியின் குடும்பத்தைப் பத்திரமாக வெளியே விடு. ஒயரை அது கடித்திருக்கிறதா என்றும் பார்.

போன் செய்யாதே. எழுது. காரணம் கேட்காதே.

மெர்ல்

•

காப்பர் ஃபோர்க்
10 ஏப்ரல் 1983

மெர்ல்,

குழாயில் கேட்டேன்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கொட்டகையில் குனிந்து நின்று, காதில் பச்சைக் குழாயோடு, கேட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெளியே நின்று கேட்டால் வெறும் இரைச்சல். குழாய்க்குள் ஒரு பெரிய, நிற்காத, பொறுமையான மூச்சு. முன்பக்கத்தது கொஞ்சம் கீச்சென்று, பின்பக்கத்தது கனமாக. திருகத் திருக அவை நெருங்கி வந்து, ஒரு இடத்தில் எது எது என்று தெரியாமல் ஒன்றாகிவிட்டன. நான் கடலைப் பார்த்ததில்லை. கடல் இப்படித்தான் இருக்குமா? திருகாணியில் கை வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, காபி பனிக்கட்டியாகிவிட்டது.

இப்போது திட்டு. இரண்டு சுற்று இறக்கச் சொன்னாயே, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி. முட்டாளே, நான் பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறேன்! இங்கே காற்று பாதி பட்டினி, அதற்குப் போய்க் கடற்கரைச் சாப்பாட்டைப் போட்டால் வண்டி புரையேறிச் சாகாதா? இந்த ஊரில் பிறந்து இந்த ஊரில் கார் பிரித்தவன் நீ. நண்டுப் படகுகளின் எஞ்சினைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்துக் கடல் மட்டத்து மனுஷனாகவே ஆகிவிட்டாய். நானே திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இப்போது பிளக் எல்லாம் பிஸ்கட் நிறத்தில் இருக்கிறது. வண்டி நகராமல் ஐட்லிங்கில் ஓடும்போது பானெட்டின் மேல் காபிக் கோப்பையை வைத்தேன், ததும்பவில்லை.

ஆனால் ஓட்டினால் வேறு கதை. ஊருக்குள் பிரமாதம். நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஏற்றம் தொடங்கி, எஞ்சின் நன்றாகச் சூடானதும் மிஸ் அடிக்கிறது, விட்டு விட்டு ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அங்கேயே உட்கார்ந்து சாண்ட்விச்சைத் தின்று முடித்தால் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிறது. இதே போலத்தான் அன்றைக்கும். சொல், இது என்ன?

இன்னொன்று. ஈஸ்டர் அன்று உன் பேச்சை மீறிப் போன் செய்தேன். எடுத்தாய். குழாயில் கேட்டதையெல்லாம் பைத்தியம்போல் உன்னிடம் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. ஓட்டைக் குழாயில் காற்று போவதுபோல ஏதோ சத்தம், பிறகு வைத்துவிட்டாய். அவ்வளவு வெறுப்பா என் மேல்? அப்படியானால் அதையாவது எழுதிவிடு. நான் தாங்கிக்கொள்வேன்.

ஆர்டித்

•

ஹாலோவே துறை
22 ஏப்ரல் 1983

ஆர்டித்,

உயரத்தை மறந்தது என் தப்புதான். இங்கே எல்லாப் படகும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. கை பழகிவிட்டது.

சூடானதும் நிற்பது: குழாயிலேயே பெட்ரோல் கொதிக்கிறது. உயரத்தில் சீக்கிரம் கொதிக்கும். மரத் துணிக்கிளிப்புகளை எடுத்து, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டு. மரம் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பார்கள். நம் ஊரில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டுதான் மலையேறுவார்கள். சிரிக்காதே.

நீ கேட்ட மற்றதற்கு வருகிறேன். இந்த இடத்தில் இரண்டு நாளாகப் பேனாவை வைத்துவைத்து எடுத்தேன்.

வெறுப்பு இல்லை. குரல் இல்லை.

போன வருஷத்துக்கு முந்திய நவம்பரில் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்பெட்டியை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது நான் மூச்சு விடுவது கழுத்தின் கீழே இருக்கும் துளை வழியாக. நீ கேட்ட ஓட்டைக் குழாய்ச் சத்தம் அதுதான். நோய் போய்விட்டது என்கிறார்கள். வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். பேச முடியாது.

கழுத்தில் வைத்துப் பேசும் மெஷின் ஒன்று கொடுத்தார்கள். தகரடப்பாவுக்குள் மாட்டிய வண்டுபோல இருந்தது என் குரல். துறையில் ஒரு சின்னப் பெண் பயந்து அழுதாள். அலமாரியில் போட்டுவிட்டேன். காற்றை விழுங்கி ஏப்பமாக மேலே கொண்டுவந்து பேசச் சொல்லித் தரும் வகுப்பும் இருக்கிறது. கொஞ்ச நாள் போனேன். வளர்ந்த ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தோம். எழுந்து வந்துவிட்டேன்.

நீ போனில் அந்தக் குழாயைப் பற்றிச் சொன்னபோது பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பழக்கம். அதனால்தான் வைத்தேன்.

மலைக்கு வரச் சொல்லிவிடாதே. அங்கத்திய காய்ந்த காற்று இந்தத் துளைக்கு ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடல் நீ சொன்னது போலத்தான் இருக்கும்.

மெர்ல்

•

காப்பர் ஃபோர்க்
3 மே 1983

மெர்ல்,

அன்புள்ள மெர்ல். இந்தத் தடவை அடிக்கவில்லை.

தபால்காரன் வாசலிலேயே கொடுத்தான். நின்றபடியே படித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. கழுத்தை அறுத்துக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறாய், ஒரு வரி எழுதக் கையா இல்லை? உன் கட்டிலருகே உட்கார்ந்து உன்னைத் திட்டவாவது நான் வந்திருப்பேனே. பிறகு அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இன்னொன்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் குரலில் நான் கடைசியாகக் கேட்டது 'ஓட்டத் தெரியல', 'வண்டில ஒண்ணுமே இல்ல'. எப்போதாவது வந்து, குரலைத் தழைத்து வேறு ஏதாவது சொல்வாய் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அந்தக் குரல் இல்லை. எனக்கு மிச்சம் அந்த இரண்டு வாக்கியம்தான். இதற்கு யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

சரி, மூக்கைத் துடைத்தாயிற்று. வண்டிக்கு வருவோம்.

கிளிப்புகளை மாட்டினேன். வீட்டில் இருந்த அத்தனையையும். வெட்டுக்கிளியின் வயிற்றுக்குள் முள்ளம்பன்றி புகுந்த மாதிரி இருக்கிறது. கொடியில் போட்ட துணி எல்லாம் பக்கத்து வீட்டு ஆடுகளிடம் பறந்துபோய், என் நீலச் சட்டை ஒன்றை அவை ஜீரணித்துவிட்டன. அப்புறம் நீர்த்தேக்கத்துக்கு ஓட்டிப் போனேன். அதே இடம், அதே சூடு, அதே சாவு.

ஒரு யோசனை. உனக்கு வாய்தானே இல்லை, காது இருக்கிறதே! சமையலறைப் போனுக்கு நீளமான ஒயர் வாங்கிவிட்டேன், ஜன்னல் வழியாகக் கொட்டகை வரை வருகிறது. வருகிற ஞாயிறு காலையில் கூப்பிடுவேன். எடுத்துவிட்டு ஒரு கரண்டியைக் கையில் வைத்துக்கொள். நான் ரிசீவரை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். சூடாகி மிஸ் அடிக்கும்வரை ஓட விடுகிறேன். நீ கேள். கேள்வி கேட்டால் கரண்டியால் தட்டு. ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் இல்லை.

வைத்துவிட்டால் கொன்றுவிடுவேன்.

ஆர்டித்

•

ஹாலோவே துறை
9 மே 1983

ஆர்டித்,

கரண்டி வளைந்துவிட்டது. ஏன் அப்படித் தட்டினேன் என்று நீ குழம்பியிருப்பாய். "என்னடா, ஒண்ணா ரெண்டா? கதவையா ஒடைக்கிற?" என்று நீ கத்துவது கேட்டது. எனக்கு அதற்கு மேல் சொல்ல வழியில்லை. எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ வண்டியைக் கிளப்பியதும் என் சமையலறை நிறைந்துவிட்டது. மேசையில் பாதி தின்ற ரொட்டி, ஜன்னலுக்கு வெளியே துறை, கையில் இருக்கும் கறுப்பு ரிசீவருக்குள் வெட்டுக்கிளி. அத்தனை மலை, சமவெளி, ஆறு எல்லாவற்றையும் தாண்டி ஒரு கம்பி வழியாக வந்து என் காதில் ஓடியது. நாலு சிலிண்டரும் தனித்தனியாகக் கேட்டது. மூன்றாவதின் வால்வு எப்போதும் போடும் சின்னத் தட்டல்கூட. நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்காக என்று தெரியவில்லை, உட்கார முடியவில்லை.

கலவை பிரமாதம். நான் வைத்திருந்தாலும் அதைவிட நன்றாக வைத்திருக்க முடியாது. இதை இன்னொரு தடவை எழுதமாட்டேன்.

பிறகு சூடானது. மிஸ் அடிக்கத் தொடங்கியது. அப்போதுதான் புரிந்தது.

பெட்ரோல் பற்றாமல் சாகும் எஞ்சின் பெருமூச்சு விட்டுச் சாகும். தளர்ந்து, தும்மி, கெஞ்சி. நம் வண்டி அப்படிச் சாகவில்லை. முழுப் பலத்தோடு ஓடிக்கொண்டே துண்டு துண்டாக அறுபட்டது. அது பெட்ரோல் இல்லை, ஆர்டித். நெருப்பு. கார்புரேட்டரில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கும் இல்லை.

பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் என்னும் தொடுமுனைகளின் பக்கத்தில் ஒரு சின்னத் தகர உருளை இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவு. கண்டென்சர். அது கெட்டால் பாயிண்ட் கருகும், பொறி வலுவிழக்கும். அதில் ஒரு வகைக் கேடு இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடானால் கைவிடும், ஆறினால் திரும்ப வேலை செய்யும். அதை நான் மாற்றியதே இல்லை. வாங்கும்போதே இருந்தது.

இப்போது பிசாசின் முழங்கையை நினைத்துப் பார். சூடேறி நின்றது. நான் ஏறி வந்தேன். நீயும் நானும் நின்று கத்தினோம், நீ சொன்னதுபோல நல்லாவே கத்தினோம். அதற்குள் அது ஆறிவிட்டது. நான் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது. அதை வைத்துத்தான் உனக்கு ஓட்டத் தெரியாது என்று தீர்ப்பு எழுதினேன்.

எஞ்சின்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு, கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் பெரும்பாதி பொறிக் கோளாறு என்று. படகுக்காரர்களிடம் தினமும் சொல்கிறேன். நம் வண்டி என்றதும் எனக்கே தோன்றவில்லை. நீ கார்புரேட்டர் என்று என்னைக் குத்தியதால், நானும் கார்புரேட்டரையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

புது கண்டென்சரும் பாயிண்ட்டும் போடு. போட்டதும் ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு எஞ்சின் மேல் சாய்த்து வை. டேங்க்கையும் கார்புரேட்டரையும் மூடிவிட்டு, யாரையாவது சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்றச் சொல்லி, நிழலில் பார். மஞ்சளாக இருந்தால் எழுது. நீலமாக இருந்தால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு.

மெர்ல்

•

காப்பர் ஃபோர்க்
24 மே 1983

அன்புள்ள மெர்ல்,

பக்கத்து வீட்டு டெல்மா சாவியைத் திருப்பினாள். ஆடுகள் தின்ற சட்டைக்கு அது ஈடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நான் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

நீலம். 'டிக், டிக், டிக்' என்று, அரிசி அளவுகூட இல்லாத நீலம். "என்னடி தெரியுது? பேயா?" என்றாள் டெல்மா. "வந்து பாரு" என்றேன். அவள் சுற்றுவதை விட்டுவிட்டு வந்தாள், வந்தால் எப்படித் தெரியும்! பிறகு நான் சுற்ற அவள் பார்த்தாள். மூக்கு பிளக்கைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். பிறகு, "இத நம்பியா மலை ஏறுற?" என்றாள்.

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரும்பு, அந்தச் சத்தம், என் உடம்பு, எல்லாம் சேர்ந்து மேகத்துக்கு மேலே போக வேண்டும், அதற்கு இந்தப் பொறி ஒவ்வொரு தடவையும் சரியான நொடியில் வர வேண்டும். நம் காரில் இப்படி ஒன்று இத்தனை நாளும் நடந்துகொண்டிருந்தது, நாம் அதற்குமேல் உட்கார்ந்து ஹாம்பர்கர் தின்றுகொண்டிருந்தோம். கும்பிடத் தோன்றியது எனக்கு.

பழைய கண்டென்சரை முதலில் சுத்தியலால் நசுக்கலாம் என்று எடுத்துப் போனேன். கையில் வைத்துப் பார்த்தேன். இதற்காகவா, மெர்ல்? ஒன்பது கிறிஸ்துமஸ்? எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. நசுக்கவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

நேற்று நீர்த்தேக்கத்தைத் தாண்டினேன். ஏற்றத்தைத் தாண்டினேன். பனி விலகாத இடம்வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. கிளிப்புகளைக் கழற்றவில்லை, பழகிவிட்டது.

இனி பந்தயம்தான். உன்னை மலைக்குக் கூப்பிடமாட்டேன். ஆனால் உச்சியில், அந்த டோனட் விற்கும் கல் வீட்டில், வெளிச்சுவரில் ஒரு போன் மாட்டியிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து கூப்பிடுவேன். கூப்பிடவில்லையென்றால் பிசாசின் முழங்கையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறேன் என்று புரிந்துகொள்.

அதற்குள் நீ அந்த ஏப்ப வகுப்புக்குத் திரும்பப் போ. நான் ஆட்டுக்கு முன்னால் அசிங்கப்பட்டு, முள்ளம்பன்றி வண்டி ஓட்டவில்லையா? உனக்கென்ன பெரிய கௌரவம்.

ஆர்டித்

•

ஹாலோவே துறை
12 ஜூன் 1983

ஆர்டித்,

போனேன்.

சொல்லித் தருபவள் திருமதி கியூ. அவளுக்கும் கழுத்தில் துளை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவளாம். நான் முன்பு எழுந்து போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள். காற்றை வாயில் பிடித்து, கீழே தள்ளி, திரும்பி வரும்போது உதட்டால் வெட்ட வேண்டும். பாதி நேரம் காற்று வயிற்றுக்குப் போய்விடுகிறது. எனக்கு முதலில் வந்த சொல் 'பைப்'. என் தொழிலுக்கு அது போதும்.

அவளுடைய குரல் கரகரவென்று, ஆழமாக, எந்த மனிதக் குரலும் போல இல்லை. ஆனால் அவள் குரல்தான். ஒரு தடவை கேட்டால் மறக்காது. இல்லாத இடத்திலிருந்து ஒரு குரலை எடுத்துவந்து வைத்திருக்கிறாள் அந்தப் பொம்பளை. அவள் பேசும்போது நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறேன்.

பொறி விழும் டைமிங்கை ஒரு மயிரிழை முன்னால் தள்ளி வை. மெல்லிய காற்றில் நெருப்பு பரவ நேரமாகும், முன்கூட்டியே பற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்க மறக்காதே.

உன்னிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் பழகிக்கொண்டிருக்கிறேன். வகுப்பு இல்லாத நாளிலும் பழகுகிறேன். வராவிட்டால் கரண்டி இருக்கிறது.

மெர்ல்

•

ஹாலோவே துறை
27 ஜூன் 1983

ஆர்டித்,

நேற்றுக் காலையிலிருந்து நான் போனைவிட்டு நகரவில்லை. துறையில் நண்டுக்காரன் ஒருவன் கதவைத் தட்டினான், திறக்கவில்லை. மதியம் தாண்டியது. பிசாசின் முழங்கை என்றே முடிவு செய்துவிட்டேன். மேசைமேல் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. எடுத்தேன். நீ பேசவில்லை. காசு விழும் சத்தம், பிறகு ரிசீவரை எங்கேயோ நீட்டியிருக்கிறாய். முதலில் காற்று. அத்தனை காற்றையும் நான் மறந்தேபோயிருந்தேன். அதன் நடுவே வெட்டுக்கிளி ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான சத்தம் இல்லை, உயரத்தில் சற்று மெலிந்து, ஆனால் சீராக, ஒரு பொறிகூடத் தவறாமல். வானத்தில் ஓடுகிறது என்று நினைத்தேன். எனக்கு எதுவும் எட்டாத உயரத்தில், இந்தத் துளையால் என்னால் ஒருநாளும் போக முடியாத இடத்தில், நம் வண்டி நின்று மூச்சு விடுகிறது, அதை நான் மெய்னில் சமையலறையில் நின்று கேட்கிறேன்.

நான் அழுதால் கழுத்தில்தான் சத்தம் வரும். அது உனக்குக் கேட்டிருந்தால் கண்டுகொள்ளாதே.

பிறகு நீ "மெர்ல்?" என்றாய். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உடனே காசு தீர்ந்து லைன் போய்விட்டது. உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. காற்று பலமாக இருந்தது. எனக்கே சரியாக வந்ததா என்று தெரியவில்லை, திருமதி கியூ என்றால் இரண்டு மார்க் குறைப்பாள்.

அதை இங்கே எழுதமாட்டேன். எழுதிவிட்டால் சுலபமாகிவிடும். கேட்கவில்லையென்றால் சொல், வரும் ஞாயிறு மறுபடி சொல்கிறேன்.

மெர்ல்

•

காப்பர் ஃபோர்க்
5 ஜூலை 1983

அன்புள்ள மெர்ல்,

கடைசியிலிருந்து இரண்டாவது! எனக்குப் பின்னால் வந்தவனுக்கு டயர் வெடித்திருந்தது. ஊரில் எல்லோரும் தோளில் தட்டினார்கள், கேலி செய்யத்தான்.

பிசாசின் முழங்கையை எப்படித் தாண்டினேன் என்று கேட்பாய். தெரியவில்லை. அதற்கு முந்திய நேர் ஏற்றத்திலேயே சூட்டுமானி மேலே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், இப்போது அறுபடும், இப்போது அறுபடும் என்று. வளைவு வந்தது. நாம் நின்று கத்திய அந்தப் பாறை வந்தது. கியரைக் குறைத்தேன், பின்சக்கரம் மண்ணில் வழுக்கியது, பிடித்தேன். பாறை பின்னோக்குக் கண்ணாடிக்குள் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மேலே மரம் இல்லை, புல் இல்லை, பிறகு சாலைக்கு இருபுறமும் வானம் மட்டும்தான். நான் பிறந்ததிலிருந்து அந்த மலையின் அடியில் இருக்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். எஞ்சினை அணைக்க மனம் வரவில்லை, ஓட விட்டபடியே போனைப் பிடித்தேன்.

நீ கேட்டாயே, கேட்டதா என்று.

கேட்டது. காற்றில் தொப்பி பறந்தது, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கரகரவென்று, எங்கேயோ அடிவயிற்றிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக ஏறி வந்தது: "நல்லா. ஓட்டுன. பொடிசு."

என்னைப் பொடிசு என்று கூப்பிட இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். அந்தப் பழைய இரண்டு வாக்கியத்தையும் அங்கேயே மலையில் விட்டுவிட்டேன், தேடி எடுக்கப் போவதில்லை. பனி விழத் தொடங்குவதற்குள் வெட்டுக்கிளியை ஓட்டிக்கொண்டு மெய்னுக்கு வருகிறேன். கடலைக் காட்டு. திருகாணியை இரண்டு சுற்று இறக்கிக்கொள்கிறேன்.

லைன் போன பிறகும் ரிசீவரை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் போனுக்காக டோனட்டோடு நின்ற ஒரு இளைஞன் எட்டிப் பார்த்து, "போனுக்குள்ள கேட்டுச்சே, என்னம்மா சத்தம் அது? ஏதாவது எஞ்சினா?" என்றான்.

"இல்லப்பா," என்றேன், "எங்க அண்ணன் பேசுறான்."

ஆர்டித்